தலைக்கு ஆன செலவு

பிப்ரவரி 3

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

அண்ணி எழுதுவது. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இந்த மாதம் பணம் குறைவாக வந்ததற்கு நான் போனில் சொன்னது காரணம் இல்லை. இஸ்திரி மெஷினை நான் உடைக்கவில்லை. கம்பெனி என் சம்பளத்தில் பிடிக்கவும் இல்லை. அந்தப் பணத்துக்குத் தலைமுடிக்கு ஒரு பாட்டில் வாங்கினேன். ஆமாம், பாட்டில். இந்த வயதில், இந்த மூஞ்சிக்கு. சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

"எப்படிப் பிடிக்கலாம், நானே கம்பெனிக்குப் போன் போட்டுக் கேக்கறேன்" என்று நீ கத்தினாயே, அப்போதே மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்துவிட்டது. நீ செய்யக்கூடிய ஆள். அதனால்தான் "உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ" என்று நானும் கத்தினேன். நீ வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எத்தனை தடவை அடித்தாலும் எடுக்கமாட்டேன் என்கிறாய். எடுக்காதே. தபால்காரர் நீட்டினால் கையை மடக்கிக்கொண்டா நிற்பாய்? அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாகத் தெரிந்தால் பேப்பரைச் சாய்த்துப் பிடித்துக்கொள்.

பாட்டில் ஏன் என்று கேட்பாய். இங்கே சலவைக்கூடத்தில் நாள் முழுக்கத் தலையில் பிளாஸ்டிக் தொப்பி. இந்த ஊரில் இருக்கிற ஓட்டல்களின் படுக்கை விரிப்பெல்லாம் எங்களிடம்தான் வருகிறது. இஸ்திரி போடுகிற ஆவி உருளைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் விரிப்பைக் கொடுக்க வேண்டும், அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். சத்தத்தில் பக்கத்து ஆள் தும்மினால்கூடக் கேட்காது. சாயங்காலம் தொப்பியைக் கழற்றினால் முடியும் கூடவே வருகிறது, வீட்டுக்குப் போகலாம் வா என்று கூப்பிட்ட மாதிரி. தண்ணீரும் உப்பு. இப்படியே போனால் நான் திரும்பி வரும்போது நீ வாசலில் நின்று, "யாருங்க, எந்த வீட்டுக்கு வந்தீங்க" என்று கேட்பாய். அந்தப் பயத்தில் வாங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

அடுத்த மாதம் முழுசாக அனுப்புகிறேன். போனை எடு. இல்லாவிட்டால் இன்னொரு கடிதம் வரும், ஜாக்கிரதை.

அண்ணி

பிப்ரவரி 17

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கடையில் ஆட்கள் நிற்கும்போது தபால்காரர் நீட்டியதால் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்குப் பின்னால் ஒரு அலமாரி முழுக்கத் தலைமுடிச் சாமான்தான். சின்னப் பாட்டில், பெரிய பாட்டில், எதைத் திறந்தாலும் உள்ளே சோப்பு, தண்ணீர், வாசனை. விலை கூடக்கூட மூடி கனமாகும், அவ்வளவுதான் வித்தியாசம். முடி கொட்டுவதை நிறுத்தும் பாட்டில் என்று உண்மையிலேயே ஒன்று இருந்தால் எங்கள் முதலாளியின் தலை அப்படி இருக்காது.

இந்த மாதம் குறைந்த பணத்துக்கு நம் கூரைக்கு ஒரு தகரம் வரும். விசாரித்துவிட்டேன். போன மழையில் பின்னறையில் இரண்டு வாளியும் ஒரு அண்டாவும் வைத்திருந்தேன். வாளி நிறையும் சத்தத்துக்கும் அண்டா நிறையும் சத்தத்துக்கும் வித்தியாசம் எனக்கு இப்போது தூக்கத்திலேயே தெரியும். அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் போட்டிருப்பார். அவர் போய்விட்டார், நீங்கள் போட்டுத் தருகிறேன் என்று கிளம்பினீர்கள். "கூரைக்குச் சேந்ததும் அடுத்த வண்டியில வந்துடுவேன்" என்று பஸ் படியில் நின்று சொன்னது நீங்கள், நான் இல்லை. ஒரு பாட்டில் என்றால் ஒரு தகரம். ஒரு தகரம் குறைந்தால் நீங்கள் வருவது அவ்வளவு தள்ளிப்போகிறது. எனக்கென்ன, நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன்.

எனவே தலைக்கு மாதச் செலவு ஒரு சோப்பின் விலையைத் தாண்டக் கூடாது. சின்னப் பாக்கெட்டில் ஷாம்பூ கிடைக்கும், வாரத்துக்கு ஒன்று போதும். தண்ணீர் உப்பு என்றால் கடைசியாக ஒரு சொம்பு குடிதண்ணீர் ஊற்றி அலசுங்கள். அதற்குமேல் முடி போனால் போகட்டும். வாசலில் யாரென்று கேட்கமாட்டேன். உங்கள் குரல் தெருமுனையிலேயே கேட்டுவிடும்.

பொய் சொன்னீர்களே, அதுதான் கோபம். பாட்டிலுக்கும் கோபம்தான்.

போனை எடுக்கமாட்டேன். போனில் நீங்கள் சிரிக்க வைத்துவிடுவீர்கள்.

நாத்தனார்

மார்ச் 3

மாண்புமிகு மருந்துக்கடை நாத்தனார் அவர்களுக்கு,

தங்கள் சட்டத்தைத் தலைமேல் ஏற்றுக்கொண்டேன். பாக்கெட் ஷாம்பூ வாங்கினேன். குடிதண்ணீர் ஊற்றி அலசினேன். முடி கொட்டுவது கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருக்கிறது. அல்லது இருந்ததெல்லாம் கொட்டி முடிந்திருக்கலாம்.

ஆனால் இன்னொரு பாட்டிலும் வாங்கிவிட்டேன். திட்டுவதற்கு முன் சொல்வதைக் கேள்.

பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே ஒரு முடிக்கடை இருக்கிறது. கண்ணாடிக் கதவு. உள்ளே பின்னால் சாயும் நாற்காலி, கழுத்து வைக்கப் பள்ளம் வெட்டிய தொட்டி. அங்கே ஒரு பெண், சுருட்டைமுடிக்காரி, எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருப்பாள். அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. ஆனாலும் கதவைத் திறந்தால் "வாங்க" என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. பாட்டில் கண்ணாடிப் பாட்டில், பச்சை நிறம். மூடி கனம்தான், நீ சொன்னது சரி. வாங்கினால் அங்கேயே தலையைக் கழுவிவிடுவார்கள், அதற்குத் தனியாகக் காசு கிடையாது. அதனால் விலை அதிகம் என்றாலும் ஒரு வகையில் பார்த்தால் அவ்வளவு அதிகம் இல்லை. நீ மருந்துக்கடையில் யாருக்காவது தலை கழுவிவிடுகிறாயா? இல்லையே.

வேறு என்ன எழுதுவது. அறையில் நாலு கட்டில். நாலு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருந்ததே இல்லை, வேலை நேரம் அப்படி. எதிர்க்கட்டில்காரிக்கு ராத்திரி வேலை. நான் படியிறங்கும்போது அவள் ஏறி வருவாள், தூக்கத்தில் தலை குனிந்திருக்கும். அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது, செருப்பு நன்றாகத் தெரியும். இடதுகால் குதி தேய்ந்திருக்கும். போன வாரம் புதுச் செருப்பு வாங்கிவிட்டாள். யாரோ புது ஆள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு நாள் ஒதுங்கிப் போனேன்.

ஒரு வாரம் முழுக்க நான் பேசியது "சரி", "தள்ளு", "போதும்". என் வாய்க்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று உனக்குத் தெரியும். அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பேப்பர் தீர்ந்தால் என்மேல் பழியில்லை.

ஒன்று மறந்துவிட்டேன். சூப்பர்வைசர் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார். ஏப்ரல் முடிவதற்குள் சொல்ல வேண்டுமாம். கூரை பாதியில் நிற்கும்போது எப்படி வருவது என்று யோசிக்கிறேன்.

அண்ணி

மார்ச் 16

அண்ணிக்கு,

இன்னும் ஒரு வருஷமா? அதைக் கடைசி வரியில், பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

அதைப் பிறகு பேசுகிறேன். இப்போது பாட்டிலுக்கு வருகிறேன். உங்கள் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். விலை அதிகம் என்கிறீர்கள். நிறம் எழுதியிருக்கிறீர்கள். மூடி கனம் என்கிறீர்கள். என் கடையில் இப்படி எதையாவது வாங்கிப் போனவர்கள் மறுபடி வரும்போது முதலில் சொல்வது வாசனையைத்தான். "பூ மாதிரி இருக்குது" என்பார்கள், இல்லாவிட்டால் "ஆஸ்பத்திரி மாதிரி நாறுது, மாத்திக் குடு" என்பார்கள். நீங்களோ மீன்காரம்மா தெருவில் நுழையும் முன்பே என்ன மீன் என்று சொல்கிற ஆள். இரண்டு பாட்டில் வாங்கியும் வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதைத் திறந்தீர்களா, இல்லையா? திறக்காத பாட்டிலை எதற்கு வாங்குகிறீர்கள்? அங்கே யாராவது உங்களை ஏமாற்றி வாங்கவைக்கிறார்களா? யாருக்காவது பயந்து வாங்குகிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். கோபப்படமாட்டேன். படுவேன், ஆனால் சொல்லுங்கள்.

நாத்தனார்

மார்ச் 30

கண்ணு,

நீ மருந்துக்கடையில் இருக்க வேண்டியவளே இல்லை, போலீசில் இருந்திருக்க வேண்டும்.

யாரும் ஏமாற்றவில்லை, யாருக்கும் பயமில்லை. பாட்டிலைத் திறக்கவில்லை. எதையுமே திறக்கவில்லை. இரண்டு என்றா எழுதினேன்? ஐந்து. ஒன்றுக்குத்தான் அனுப்பும் பணத்தில் கைவைத்தேன், மற்றதெல்லாம் என் சாப்பாட்டுக் காசில் மிச்சம் பிடித்தது. கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் ஐந்தும் வரிசையாகப் படுத்திருக்கின்றன. திறந்து பார்த்தால் பிரசவ வார்டு மாதிரி இருக்கிறது.

முதல் தடவை வாங்கவே போகவில்லை. பஸ்ஸுக்கு நின்றேன், மழை வந்தது, அந்தக் கடை வாசலில் ஒதுங்கினேன். சுருட்டைமுடிக்காரி கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டாள். பாட்டிலைக் காட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் விடவில்லை, கழுவிக் காட்டுகிறேன் என்று நாற்காலியில் உட்காரவைத்துவிட்டாள். தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்துக்கடியில் துண்டை மடித்து வைத்தாள். தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள், சூடு சரியா என்று. பிறகு காதுக்குள் தண்ணீர் போகாமலிருக்க உள்ளங்கையைக் காதின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

அந்தக் கை காதில் பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, தலை சாய்ந்திருந்தது. கண்ணீர் நேராக முடிக்குள்ளேயே போய்விட்டது. அவளுக்கு அது தண்ணீரோடு தண்ணீர்.

இங்கே வந்த பிறகு என்னை யாரும் தொடவில்லை. தப்பாக நினைக்காதே. பஸ்ஸில் இடிக்கிறார்கள், அதைச் சேர்க்காதே. வந்த அன்றைக்கு டாக்டர் நாடி பார்த்தார், கையுறை போட்டுக்கொண்டு. விரிப்பை உருளைக்குக் கொடுக்கும்போது பக்கத்தில் நிற்பவளின் கையுறை என் கையுறையில் படும். அவ்வளவுதான். உன் அண்ணன் தூங்கும்போதுகூட என் சடையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் தூங்குவார், மாடு அவிழ்த்துக்கொண்டு போய்விடும் என்கிற மாதிரி. அவர் போன பிறகு நீ வாரிவிட்டாய். நீ வாருவதா வாருவது? பிடித்து இழுத்துவிட்டு, "ஆடாதீங்க அண்ணி, இது தலையா ஊஞ்சலா" என்பாய். வலிக்கும். ஆனாலும் ஒரு ஆள் பின்னால் உட்கார்ந்திருக்கிறது என்று முதுகுக்குத் தெரியும்.

நான் பாட்டில் வாங்கவில்லை. கழுவி முடிக்கும்வரை அந்தக் கையை வாங்கினேன். இதை வாய்விட்டு எப்படிக் கேட்பது? பாட்டில் வாங்க வந்த மகாராணி என்றால் மரியாதையாக உள்ளே போகலாம். மாதம் ஆனால் மகாராணி வேஷம் போட்டுக்கொண்டு போய்விடுகிறேன். பாட்டில் வீட்டுக்கு வந்ததும் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை, பெட்டிக்குள் தள்ளிவிடுகிறேன். ஐந்து தகரம் என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது, உன் தலைமேல் மழை கொட்டுகிறது. நன்றாக இருக்கிறது நம் குடித்தனம்.

இப்போது நீயே சொல். இதற்கு எவ்வளவு செலவு செய்யலாம்? ஒரு சோப்பு விலை என்றால் ஒரு சோப்பு விலை. வேண்டாம் என்றால் வேண்டாம், போகமாட்டேன். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன். இவ்வளவும் செய்துவிட்டு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவது?

அண்ணி

ஏப்ரல் 12

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. ஒருவர் இருமலுக்கு மருந்து கேட்டார், வயிற்றுப்போக்குக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன். தெருவில் ஓடிப்போய் மாற்றிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

முதலில் ஒரு கேள்வி. பாட்டில் இல்லாமல் தலை கழுவிவிட மட்டும் எவ்வளவு என்று கேட்டீர்களா? எந்தக் கடையிலும் விலைப்பலகை இருக்கும்.

இரண்டாவது. எங்கள் கடை மூலையில் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. பட்டையைக் கையில் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் காற்று ஏறி, கையை இறுக்கிப் பிடிக்கும். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருக்கும். பிறகு மெதுவாக விடும். நீங்கள் போனதிலிருந்து தினமும் கடை மூடுவதற்கு முன் அதில் கையை வைக்கிறேன். எனக்கு ரத்த அழுத்தம் கிடையாது. முதலாளி பார்த்துவிட்டு, "என்னம்மா, டெய்லி பாக்கறே, எதாவது இருக்கா?" என்றார். "குடும்பத்துல இருக்கு சார், பாத்துக்கறது நல்லது" என்றேன். எனக்கு அது இலவசம். அதைத் தவிர உங்களைத் திட்ட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

மூன்றாவது. வந்திருந்த பணத்தில் வாங்கிய தகரத்தை வைத்து ஆள் கூப்பிட்டு வேலையை முடித்துவிட்டேன். முன்னறையும் சமையலறையும் மூடியாயிற்று. பின்னறைக்குத்தான் இன்னும் ஐந்து தகரம் குறைகிறது. உங்கள் கட்டிலை முன்னறைக்கு இழுத்துக்கொண்டு வந்து போட்டுவிட்டேன். தனியாகத்தான் இழுத்தேன், தரையில் கோடு விழுந்துவிட்டது. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கலாம். நான் நடக்கலாம். நீங்கள் பக்கவாட்டில் நடக்க வேண்டும்.

கையெழுத்துப் போடாதீர்கள்.

எவ்வளவு செலவு செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கே இருந்தால் எவ்வளவு செலவு செய்தாலும் போதாது என்று தோன்றுகிறது. இங்கே வந்தால் சும்மா. ஆனால் நான் இழுத்துத்தான் வாருவேன், அதை மாற்றிக்கொள்ள முடியாது.

ஐந்து பாட்டிலையும் கொண்டு வாருங்கள். மூடியைத் திறந்துவிடாதீர்கள். முதலாளியிடம் பேசிவிட்டேன். வெளியூர்ச் சரக்கு என்றால் நல்ல விலைக்குப் போகுமாம். ஐந்தும் ஐந்து தகரம் ஆகிவிடும், மழைக்கு முன்னால் பின்னறையும் முடிந்துவிடும். வாசனை என்ன என்று வாங்குகிறவர்கள் கேட்பார்கள், பாட்டில்மேல் ஏதாவது எழுதியிருந்தால் அதை மட்டும் யாரிடமாவது கேட்டுச் சொல்லுங்கள்.

பத்திரமாகக் கட்டுங்கள். உங்களுக்குப் பெட்டி கட்டத் தெரியாது.

நாத்தனார்

ஏப்ரல் 27

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

கையெழுத்துப் போடவில்லை. சூப்பர்வைசர், "ஊர்ல யாரு இருக்கா உனக்கு?" என்று கேட்டார். "ஒரு நாத்தனார் இருக்கா, ரத்த அழுத்தம்" என்றேன். பாவம் என்று சொல்லி உடனே கணக்கை முடித்துக்கொடுத்தார். எனக்கே உன்னை நினைத்துக் கவலையாகப் போய்விட்டது.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். தனியாகப் போகக் கூச்சம். எதிர்க்கட்டில்காரிக்கு இந்த ஊர் எழுத்துப் படிக்கத் தெரியும் என்று தெரிந்தது. வேலை முடிந்து வந்தவளைப் படியிலேயே மறித்து, "கொஞ்சம் கூட வரியா" என்றேன். தூங்காமல் வந்தாள். நல்ல முகம், கன்னத்தில் குழி விழுகிறது. இவ்வளவு நாள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ சொன்ன மாதிரி பலகை இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்தால் நேராகக் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறது. பூப்படம் போட்டிருந்ததால் அலங்காரத்துக்கு மாட்டியது என்று நினைத்திருந்தேன். எதிர்க்கட்டில்காரி படித்துச் சொன்னாள். தலை கழுவ மட்டும் ஒரு சோப்பின் விலை. உன் சட்டத்துக்குள் அடங்கியிருக்கும். சுருட்டைமுடிக்காரிக்கு விஷயம் புரிந்ததும் மெல்வதையே நிறுத்திவிட்டாள். பிறகு நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் வந்து எட்டிப்பார்த்தார். எதிர்க்கட்டில்காரியும் தலையைக் கொடுத்தாள். கழுவும்போதே தூங்கிவிட்டாள். அவளை எழுப்ப மனசில்லாமல் நானும் சுருட்டைமுடிக்காரியும் ரொம்ப நேரம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குத்தான் இங்கே முதல்முறையாகச் சும்மா உட்கார்ந்திருந்தது எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. கிளம்புகிற நேரத்தில் போய் இதெல்லாம்.

டிக்கெட் மே 18. காலையில் இறங்கி, பஸ் பிடித்து, மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். தெருமுனையில் குரல் கொடுக்கிறேன். கடைக்குப் போகாதே, வீட்டில் இரு. சீப்பை எடுத்து வை. அகலப்பல் சீப்பு, அந்த எலிப்பல் சீப்பு வேண்டாம்.

கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, ஆனாலும் நேற்றே பெட்டி கட்டிவிட்டேன். ஐந்து பாட்டிலையும் உனக்கென்று வாங்கிவைத்திருந்த போர்வையில் சுற்றி நடுவில் வைத்தேன். நீ சொன்னபடி மூடியைத் திறக்கவில்லை. பெட்டி மூடவில்லை. மேலே ஏறி உட்கார்ந்தேன். அப்போதும் மூடவில்லை. எதிர்க்கட்டில்காரியை எழுப்பினேன். அவளும் ஏறி உட்கார்ந்தாள். நொறுக்கென்று ஒரு சத்தத்தோடு மூடிக்கொண்டது.

மூடிகள் ஐந்தும் நன்றாக இருக்கின்றன. துடைத்துத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

வாசனை என்ன என்று கேட்டிருந்தாய். எலுமிச்சை.

அண்ணி